அவமானம் கைமாறும் கதை: கர்ண மோட்சமும் அதன் மனிதர்களும்

(ஒடுகத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செவ்வியல் நாடகங்களில் வரும் பாத்திரங்களை எப்படி ஆராய்வது, அந்த நாடகங்களின் கருப்பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். செவ்வியல் நாடகம் என்றதும் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஷேக்ஸ்பியர் நினைவுக்கு வருவார், இன்னும் கொஞ்சம் படித்தவர்களுக்குக் காளிதாசன் வருவார். எனக்கு இந்த மண்ணில் வேறொரு நாடகம்தான் நினைவுக்கு வருகிறது. ஜவ்வாது மலை அடிவாரத்தில், உத்திர காவேரி ஓடும் இந்தப் பக்கத்தில், பொழுது விடிய விடிய உட்கார்ந்து நீங்கள் பார்க்கும் நாடகம் அது. உங்கள் வீட்டில் ஒரு பெரியவர் காலமானால் காரியத்தன்று இரவு ஆடச் சொல்கிற நாடகம். கர்ண மோட்சம். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இதை ஏன் செவ்வியல் என்கிறேன்? திருவண்ணாமலை, வேலூர் வட்டாரத்துத் தர்மராஜா கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாட்டும் பொருளுமாகச் சொல்கிறார். இரவில் அதே கதை கூத்தாகிறது. வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாக வந்து, கடைசியில் படுகளம், தீமிதி. பகலில் காதால் கேட்டதை இரவில் கண்ணால் சரிபார்க்கும் மக்கள் நீங்கள். ஒரு வேஷக்காரர் ஒரு தருவை, அதாவது பாட்டை, விட்டுவிட்டால், முன்வரிசைக் கிழவி எழுந்து கேட்பாள். ஒரு நாடகத்தைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக வைத்திருந்து, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எடைபோடும் மக்களுக்கு நடுவில் வாழும் நாடகத்தைச் செவ்வியல் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

சரி, பாத்திரத்துக்கு வருவோம்.

பள்ளித் தேர்வில் ‘கர்ணனின் பண்பு நலன்களை விளக்குக’ என்று ஒரு கேள்வி வந்தால் நம் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள்? கொடை, வீரம், நட்பு, நன்றி மறவாமை. நான்கு தலைப்பு, நான்கு பத்தி, முழு மதிப்பெண். இதில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் இது ஆராய்ச்சியும் இல்லை. நல்ல குணங்களின் பட்டியலைக் கொண்டு ஒரு மனிதனை அறிந்துகொள்ள முடியுமா? பாத்திரத்தை அறிய நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: அவன் வேறு விதமாக நடந்திருக்க முடிகிற இடம் எது? அந்த இடத்தில் அவன் என்ன செய்தான்?

கர்ணனுக்கு அப்படி ஓர் இடம் போருக்கு முன்னால் வருகிறது. தூது வந்த கண்ணன் அவனுடைய பிறப்பைச் சொல்கிறான்: நீ குந்தியின் மூத்த மகன், வா, அரியணை உனக்கு. பிறகு குந்தியே வந்து கேட்கிறாள். ராஜ்யம் கையருகே இருக்கிறது. தம்பிமார் ஐந்து பேர் இருக்கிறார்கள். பெற்றவள் எதிரில் நிற்கிறாள். அவன் போகவில்லை. தன்னை வளர்த்த ராதையையும் தேரோட்டி அதிரதனையும் விடமாட்டேன் என்கிறான். துரியோதனனை விடமாட்டேன் என்கிறான். அர்ச்சுனனைத் தவிர மற்றவர்களைக் கொல்ல மாட்டேன், எப்படியும் உனக்கு ஐந்து பிள்ளைகள் மிஞ்சுவார்கள் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்து அனுப்புகிறான்.

கடல் கடந்து ஒரு நிமிடம் போய் வருவோம். கிரேக்க நாட்டில் 2,400 ஆண்டுகளுக்கு முன்னால் சோபோகிளிஸ் எழுதிய ஈடிபஸ் நாடகம் உலகத்துப் பல்கலைக்கழகங்களில் எல்லாம் பாடம். ஈடிபசும் குழந்தையாகக் கைவிடப்பட்டவன்தான், வேறு வீட்டில் வளர்ந்தவன்தான். அவனும் தன் பிறப்பை அறியாதவன். அவன் அந்த உண்மையைத் தேடித் தேடிப் போகிறான். கண்டுபிடித்த நாளில் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். அங்கே உண்மை கடைசியில் வருகிறது, வந்ததும் அவனை அழிக்கிறது. இங்கே கர்ணனுக்கு உண்மை முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் எந்த இடத்தில் நின்றானோ அந்த இடத்திலேயே நிற்கிறான். இரண்டு நாடகமும் பிறப்பைப் பற்றியவை. ஆனால் ஈடிபசைப் பார்த்து நாம் விதிக்கு அஞ்சுகிறோம், கர்ணனைப் பார்த்து ஒரு மனிதன் எடுத்த முடிவை எண்ணி எண்ணி மனம் புழுங்குகிறோம். என்னைக் கேட்டால் கர்ணனுடைய சோகமே கனமானது.

இப்போது கருப்பொருள். ஒரு நாடகத்தின் கருப்பொருளைக் கண்டுபிடிக்க, அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்வியைத் தேடுங்கள். கர்ணன் கதையில் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது?

‘நீ யார் பிள்ளை?’

முதலில் அரங்கேற்றக் களத்தில் கிருபாசாரியார் கேட்கிறார். அர்ச்சுனனுக்குச் சமமாக வில் பிடித்து நிற்கிறான் ஓர் இளைஞன். அவன் திறமையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. கேட்டது குலத்தை. துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்து முடி சூட்டுகிறான். அந்த நேரத்தில் அதிரதன் களத்துக்குள் வருகிறான், மகன் தகப்பன் காலில் விழுகிறான். உடனே பீமன் சிரிக்கிறான்: உனக்கு வில் எதற்கு, சாட்டையை எடு என்கிறான். சபை நடுவில், தகப்பன் கண்ணெதிரில், ஒரு பிள்ளைக்குக் கிடைத்த அவமானம் அது.

அந்த அவமானம் அங்கேயே நின்றதா? நிற்கவில்லை. அதுதான் இந்தக் கதையின் அச்சம் தரும் உண்மை. பல ஆண்டு கழித்து இன்னொரு சபை கூடுகிறது. சூதில் தோற்ற தர்மன் தலை குனிந்து நிற்கிறான். திரௌபதியை இழுத்து வருகிறார்கள். அந்தச் சபையில் அவளைப் பார்த்துக் காது கூசும் வார்த்தை சொன்னவன் யார்? வியாசர் பாரதத்தில் அவளுடைய ஆடையைக் களை என்று துச்சாதனனுக்குச் சொன்னவன் யார்? நம் கர்ணன்தான். கொடை வள்ளல் கர்ணன். சபை நடுவில் அவமானப்பட்டவன், சபை நடுவில் இன்னோர் உயிரை அவமானப்படுத்தினான். பட்டியல் போட்டுப் பண்பு நலன் எழுதும்போது இந்த இடத்தை விட்டுவிடுகிறோம். விட்டுவிட்டால் கர்ணன் நமக்குக் கிடைக்கவே மாட்டான்.

அவள் என்ன செய்தாள்? நம் புத்தகங்கள் சில திரௌபதியை அழுபவளாகவே காட்டுகின்றன. அவள் முதலில் அழவில்லை, கேள்வி கேட்டாள். தர்மர் என்னை வைத்து ஆடியபோது தம்மை ஏற்கெனவே தோற்றிருந்தாரா, இல்லையா? தம்மையே இழந்தவருக்கு என்னைப் பந்தயம் வைக்க உரிமை ஏது? வழக்கு மன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி. பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. பதில் வராத கேள்வி சபதமாக மாறியது. முடி விரிந்தது. பதினெட்டாம் நாள் படுகளம் வரை அந்த முடி விரிந்தே கிடக்கிறது. கிருபாசாரியார் கேட்டது கர்ணன் மேல் விழுந்தது, கர்ணன் மேல் விழுந்தது திரௌபதி மேல் விழுந்தது, திரௌபதி மேல் விழுந்தது குருகுலம் முழுவதன் மேலும் விழுந்தது. அவமானம் கைமாறிக் கைமாறிப் போகும் கதை இது. பாரதக் கூத்தின் கருப்பொருள் என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

துகிலுரிதல் ஆடும் இரவில் துச்சாதனன் வேஷம் கட்டுபவரைக் கவனித்திருப்பீர்கள். சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுகிறார்கள், அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். வேஷம்தானே, பொய்தானே, ஏன் மன்னிப்பு? நடிப்பில் கூட அந்தச் செயல் ஒரு செயல்தான் என்று கூத்து நம்புகிறது. வேறு எந்த நாட்டு நாடகமும் தன் பாத்திரத்தை இவ்வளவு பொறுப்போடு தொட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அன்பர்களே, கர்ண மோட்சத்தின் உச்சக்காட்சி எது? கண்ணன் வேதியர் வேஷத்தில் வந்து புண்ணியத்தைத் தானமாகக் கேட்கும் இடம் என்பீர்கள். அங்கேதான் கண்ணீர் வருகிறது, அன்பளிப்பு விழுகிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாடகத்தின் உயிர் அதற்கு முன்னால், கர்ணனின் மனைவி பொன்னுருவியின் அந்தப்புரத்தில் இருக்கிறது.

பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். நாளை திரும்பி வருவது நிச்சயமில்லை என்று அவனுக்குத் தெரியும். அவளோ அரச குலத்துப் பெண். கட்டியவன் தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்ற ஏளனம் இத்தனை ஆண்டுகளாக அவள் மனத்தில் ஊறிக் கிடக்கிறது. சாகப் போகிறவனிடமும் அதைத்தான் எடுத்து வைக்கிறாள். மறுபடியும் அதே கேள்வி. நீ யார் பிள்ளை?

இந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வியாசர் பாரதத்தில் கர்ணன் தேரோட்டிக் குலத்துப் பெண்களையே மணந்தவன், கண்ணனிடம் அவனே அப்படிச் சொல்கிறான். அங்கே அவன் மனைவிக்கு இப்படி ஒரு பெரிய காட்சி கிடையாது. கூத்து அதை மாற்றியது. அரச குலத்துப் பெண்ணை அவனுக்கு மனைவியாக்கி, சபையில் கேட்ட கேள்வியை அவன் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது. ஏன்? கூத்தை உண்டாக்கியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் அந்தக் கேள்வி எங்கே அதிகம் வலிக்கும் என்று தெரிந்திருந்தது. சபையில் பட்ட அவமானத்தை வீட்டுக்கு வந்து ஆற்றிக்கொள்ளலாம். வீட்டிலேயே அது காத்திருந்தால் மனிதன் எங்கே போவான்?

1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பந்துலு எடுத்த படம், சிவாஜி கர்ணன், தேவிகா மனைவி. படத்தில் அவள் பெயர் சுபாங்கி. அன்பே உருவானவள். பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தும் வேலையைப் படம் மாமனார் கையில் கொடுத்துவிட்டது. வில்லனை வெளியே வைத்துவிட்டால் பார்ப்பவனுக்கு நிம்மதி. கூத்து அந்த நிம்மதியைத் தரவில்லை. நான் கூத்தின் பக்கம்தான் நிற்பேன்.

பொன்னுருவி கெட்டவளா? அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் அந்த ஏளனத்தை? பிறந்த வீடு சொல்லிக் கொடுத்தது. சுற்றியிருந்த அரண்மனை சொல்லிக் கொடுத்தது. அவள் வாயிலிருந்து வருவது அவள் குரல் என்று நினைக்கிறோம். அது அவள் குலத்தின் குரல்.

இந்தப் பக்கத்து மக்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலும் ஷூவும் சோறு போடும் பூமி இது. இங்கே பதப்படுத்திய தோல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது. ஆனால் தோல் உரித்தவனையும் பதப்படுத்தியவனையும் ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம்தான் நம் சமூகம். அதே தோலில் செய்த மிருதங்கத்தைக் கோயிலுக்குள் எடுத்துச் சென்றது அந்தச் சமூகம். கூத்துக்களரியில் ஒலிக்கும் மிருதங்கமும் தோல்தான். அந்த ஓசையில் ஆடிக்கொண்டு ஒருவன் ‘என் பிறப்பைக் கேட்காதே’ என்று நிற்கும்போது, முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு அது கதை, எத்தனை பேருக்கு அது சொந்த வாழ்க்கை? நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காட்சியில் கர்ணன் என்ன செய்கிறான்? கையில் அதிகாரம் இருக்கிறது. எதிரில் நிற்பவள் பெண். ஒரு காலத்தில் சபையில் இன்னொரு பெண்ணிடம் நடந்துகொண்ட அதே கர்ணன்தான் இவன். சில ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், இங்கே அவன் குரல் கோபத்தில் உயரும், சிலவற்றில் அடங்கும். கூத்து வாத்தியாருக்கு வாத்தியார் மாறும். ஆனால் வந்து சேரும் இடம் ஒன்று. அவன் தன் பிறப்பைச் சொல்கிறான். அதுவரை நெஞ்சில் பூட்டி வைத்திருந்ததை அவளிடம் திறக்கிறான். அவள் தவறை உணர்கிறாள், போக வேண்டாம் என்று அழுகிறாள். அவன் போகிறான்.

கர்ணன் பெரியவனாவது இங்கேதான். கவச குண்டலம் கொடுத்தான், புண்ணியம் கொடுத்தான், எல்லாம் சரி. ஆனால் கைமாறிக் கைமாறி வந்த அவமானத்தை இந்த ஒரு முறை அவன் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுக்காமல் நிற்கிறான். திரௌபதியிடம் சபையில் தான் செய்யத் தவறியதைப் பொன்னுருவி முன்னால் செய்கிறான். இது நடக்காமல் நேரே போர்க்களத்துக்குப் போயிருந்தால், அவன் பெற்ற மோட்சத்துக்குப் பொருள் குறைவு.

ஆனாலும் ஒரு மனக்குறை எனக்கு உண்டு. அவன் குந்தியின் மகன் என்று தெரிந்த பிறகுதான் பொன்னுருவி மனம் மாறுகிறாள். அவன் உண்மையிலேயே அதிரதன் மகனாக இருந்திருந்தால்? அப்போது அவள் அழுதிருப்பாளா? நாடகம் இதற்குப் பதில் சொல்லவில்லை. பதிலை நம்மிடம் விட்டுவிட்டது.

துரியோதனனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரை பிடித்து, தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் மின்ன, கட்டை வேஷம் வெளியே வரும்போது ஊரே நிமிர்ந்து உட்காருகிறதே, எதற்காக? கெட்டவனுக்கு ஏன் இத்தனை கம்பீரம்? கூத்து அவனைச் சிறுமைப்படுத்த விரும்பவில்லை. சிறியவன் வீழ்ந்தால் அது செய்தி, பெரியவன் வீழ்ந்தால்தான் நாடகம். வடமொழியில் பாசன் எழுதிய ஊருபங்கம் என்ற நாடகமும் இப்படித்தான். தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனிடம் சின்ன மகன் துர்ஜயன் ஓடி வருகிறான், மடியில் உட்கார வேண்டும் என்கிறான். உட்கார மடி இல்லை. பாசனின் நாடகங்கள் பல நூற்றாண்டு மறைந்து கிடந்து, கணபதி சாஸ்திரி திருவிதாங்கூரில் ஏடுகளைக் கண்டெடுத்து 1912 முதல் அச்சிட்ட பிறகுதான் உலகம் படித்தது. நம் கிராமங்களிலோ மண்ணால் செய்த துரியோதனன் கோயில் வெளியில் நீண்டு கிடக்க, பெண்கள் சுற்றி நின்று ஒப்பாரி வைப்பது மறையவே இல்லை. எதிரிக்கும் ஒப்பாரி வைக்கத் தெரிந்த மக்கள் நீங்கள்.

படித்தவர்களில் சிலர், கூத்துக்கு நிலையான பாடம் கிடையாது, இடத்துக்கு இடம் மாறுகிறது, ஆகவே இதை இலக்கியமாக ஆராய முடியாது என்கிறார்கள். ஹாம்லெட் நாடகத்துக்கே 1603, 1604-05, 1623 என்று மூன்று பழைய அச்சுப் பாடங்கள் உண்டு. மூன்றும் ஒன்றுபோல் இல்லை. அதை வைத்து அங்கே ஆராய்ச்சி நின்றுவிடவில்லை, வளர்ந்தது. இங்கே மட்டும் மாற்றம் ஏன் குறையாக வேண்டும்? நாடகாசிரியர் ந. முத்துசாமி புரிசைத் தம்பிரான்களின் கூத்தைப் பார்த்து அதன் ஆழத்தை உணர்ந்து எழுதினார், ‘அன்று பூட்டிய வண்டி’ என்று நூலே வந்தது. 1977-இல் கூத்துப்பட்டறை தொடங்கினார். காஞ்சிபுரத்தில் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைந்தது, பின்னர் பிள்ளைகளுக்குக் குருகுலமும் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஹன்னே தெ புருயின் கர்ண மோட்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஊர் ஊராகத் தங்கிப் பாரதக் கூத்தைப் பற்றி ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் பெரிய நூல்கள் எழுதினார். அவர்கள் எழுதியது நம் பெருமை. நம் பிள்ளைகளுக்கு இதை நாம் ஆழமாகச் சொல்லித் தராதது நம் வெட்கம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். தாய்மார்களே, பெரியோர்களே, அடுத்த முறை கர்ண மோட்சம் நடக்கும்போது விடியற்காலைப் போரை மட்டும் பார்க்க வராதீர்கள். பொன்னுருவி வரும்போதே வந்து உட்காருங்கள், பிள்ளைகளையும் தூங்கவிடாமல் பக்கத்தில் உட்கார வையுங்கள். வாத்தியார்களே, உங்கள் ஜமாவில் அந்தக் காட்சி எப்படிப் போகிறது, உங்கள் குருவிடம் எப்படிப் போனது என்று சொல்லுங்கள், நீங்கள் சொன்னால்தான் உண்டு. மாணவர்களே, அதை ஒரு நோட்டில் எழுதி, எந்த ஊர், எந்த வாத்தியார், எந்த நாள் என்று குறித்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். ஆசிரியர்களே, கர்ணனின் பண்பு நலன்களை விளக்குக என்று இனிமேல் கேட்காதீர்கள். பொன்னுருவியிடம் கர்ணன் உண்மையைச் சொன்னது சரியா என்று கேளுங்கள். அந்த விடைத்தாள்களைப் படித்துப் பாருங்கள்.